பழைய சங்கு எந்த நாட்டுச் சரக்கு? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் பட்டறைக்கு ரீவைண்டிங்குக்கு (எரிந்த மோட்டார் காயிலைத் திரும்பச் சுற்ற) வருவதில் பாதி போர்வெல் மோட்டார், மீதி கிரைண்டரும் கம்ப்ரசரும். நடுவில் வருடத்துக்கு நாலைந்து சங்கும் வரும், அதாவது மில்லில் ஊதுகிற மின்சார சைரன். மூடிய மில்லின் ஏலத்தில் எடுத்தது, எஸ்டேட்டில் கழற்றிப் போட்டது, பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். 2025 மே 7 அன்று நாடு முழுக்கச் சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்களே, அதற்கப்புறம் பரணில் கிடந்ததெல்லாம் இறங்கி வர ஆரம்பித்தது.

கொண்டு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. இது ஓடுமா? இது எந்த நாட்டுச் சரக்கு?

இரண்டும் வேறு வேறு கேள்வி என்று நினைத்துத்தான் என் கைக்கு வந்த முதல் சங்கை எரித்தேன். பிளேட்டின் மேல் நாலு கோட் பெயின்ட். மூன்று ஒயர் வெளியே வந்திருந்தது. மூன்று ஃபேஸ்தானே என்று 415 வோல்ட் கொடுத்தேன். நாலு வினாடி ஊளையிட்டது, அப்புறம் புகை. பெயின்டைச் சுரண்டியபோது அடியில் ‘220 வோல்ட், 60 சைக்கிள், சிகாகோ’ என்று இருந்தது (சைக்கிள் என்பது இன்றைய ஹெர்ட்ஸ்). பிறந்த ஊர் தெரியாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்குப் படித்த பாடம். கீழே இருப்பதெல்லாம் அதற்கப்புறம் சேர்த்த குறிப்புகள். ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே பத்தி பத்தியாக இருப்பது அதற்கான காரணங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

துடைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அழுக்கும் பழைய பெயின்டும் கூட சாட்சிதான். கிரைண்டர் வைத்துப் பெயின்டை வழிக்காதீர்கள். எழுத்தும் போய்விடும், பழைய பெயின்டில் இருக்கும் ஈயமும் மூக்குக்குள் போகும். பெயின்ட் ரிமூவரும் மரத் துண்டும் போதும்.

ரோட்டரை, அதாவது மோட்டார் தண்டில் சுற்றும் ஓட்டை வைத்த சக்கரத்தை, கையால் சுற்றிப் பாருங்கள். குளவிக் கூடு, அணில் சேர்த்த நார், ஒரு முறை உலர்ந்த பல்லி என்று எல்லாம் எடுத்திருக்கிறேன். ரோட்டருக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. எங்காவது உரசினால் அங்கேயே நிறுத்துங்கள். ரோட்டரில் மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தால் அந்தச் சங்கு இனிமேல் ஷோகேசுக்குத்தான். நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றும்போது அது விட்டுப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் கதி அவ்வளவுதான்.

வெளிக் கேபிளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் 500 வோல்ட் மெகரில் (காயிலின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) பாருங்கள். பாடியோடு 1 மெகோமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கிடையாது. பக்கக் கவரைத் திறந்து உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, சாக்குப் போட்டு மூடி, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் அளவு ஏறினால் ஈரம்தான் காரணம். ஏறவே இல்லை என்றால் காயில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு வைண்டரிடம் போங்கள்.

## அறிகுறி: நேம் பிளேட்டே இல்லை

பிளேட் இருக்கிறது, பெயின்ட் மூடியிருக்கிறது. பத்தில் மூன்று தடவை இதுதான். விரலால் தடவிப் பார்த்தால் ரிவெட் தலை தட்டுப்படும்.

பிளேட்டைப் பிடுங்கிவிட்டார்கள், வார்ப்பில் எழுத்து இருக்கிறது. வெளிக்கூடு, கால், டெர்மினல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மூன்றையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலே பிடித்தால் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். ‘டேன்ஜென்ட்’ என்று இருந்தால் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து ஜென்ட்ஸ் கம்பெனி. அது அவர்களின் வணிகப் பெயர். காக்கைக் கால் போல மூன்று கோடு சேர்ந்த அம்பு முத்திரை பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளம். அம்புக்குக் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து சேர்ந்திருந்தால் அது இந்திய அரசுக்கு வந்தது. இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் ‘லண்டனில் குண்டு விழுந்தபோது ஊதிய சங்கு’ என்று சொல்லி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

ஐங்கோணத்துக்குள் படுத்த மாதிரி ‘கே’ எழுத்து இருந்தால் சோவியத் தர முத்திரை. அது 1967-இல் தொடங்கியது, ஆகவே சங்கும் அதற்குப் பிந்தியது.

எழுத்தே இல்லை. அப்போது உருவம்தான் வழி. தண்டு செங்குத்தாக, தலைக்கு (ரோட்டரும் அதன் வெளிக்கூடும் சேர்ந்தது) மேல் காளான் குடை மாதிரி அகலமான மூடி இருந்தால் முதலில் ஜெர்மனியின் ஈ57 மாடலை நினையுங்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் வந்தது, சுமார் 5 கிலோவாட், குரல் 420 ஹெர்ட்ஸ். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு சீமென்ஸ், எலெக்ட்ரோர், ஹோர்மன் என்று பல கம்பெனிகள் செய்தன. அதனால் உருவம் நாட்டைச் சொல்லும், கம்பெனியைச் சொல்லாது.

மோட்டார் படுத்திருந்து இரண்டு பக்கமும் தலை இருந்தால் பிரிட்டனாக இருக்கலாம், சோவியத் எஸ்-40 ஆக இருக்கலாம், அல்லது நம் நாட்டிலேயே வார்த்ததாக இருக்கலாம். இதைப் பிரிக்கக் கீழே ‘இரண்டு குரல்’ தலைப்புக்குப் போங்கள்.

உருவமும் உதவவில்லை. பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். செலவும் மெனக்கெடலும் உள்ள வேலை என்பதால் கடைசியில் வைத்தேன். ஹாஃப்மன் என்றால் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபர்ட். ரான்சம் அண்ட் மார்ல்ஸ் என்றால் இங்கிலாந்தின் நியூவார்க். நியூ டிபார்ச்சர், ஃபாஃப்னிர் இரண்டும் அமெரிக்காவின் கனெக்டிகட். எஃப்.ஏ.ஜி. ஜெர்மனி. பேரிங்கை நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காகத்தான் பேரிங் உட்காரும் இடத்தின் அளவைப் பார்க்க வேண்டும். வெர்னியர் அளவுகோலில் மில்லிமீட்டர் முழு எண்ணாக வராமல் அங்குலத்தில் சரியாக உட்கார்ந்தால் (அங்குல பேரிங்குகளின் ஆர்.எல்.எஸ். வரிசை அளவுகள்) அது இங்கிலாந்து வழி வந்தது. பேரிங்கை மாற்றலாம், பேரிங் வீட்டை யாரும் மாற்றுவதில்லை.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: பேரிங் புல்லர் இல்லாமல் சுத்தியலும் உளியும் எடுக்கத் தோன்றுகிற நிமிடத்தில். பேரிங் உட்காரும் ஓரங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரு அடியில் உடையும், வெல்டிங் எளிதில் பிடிக்காது.

## அறிகுறி: பிளேட் இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை

அது மோட்டாரின் பிளேட், சங்கின் பிளேட் அல்ல. இந்தக் குழப்பத்தோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். சங்குக் கம்பெனிகள் மோட்டாரை வெளியே வாங்கிப் பொருத்துவது உண்டு. ‘க்ராம்ப்டன் பார்க்கின்சன்’ என்று பார்த்ததும் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கம்பெனிக்கு 1937 முதல் பம்பாயிலும் தொழிற்சாலை இருந்தது. தலைப் பகுதியின் வெளிக்கூட்டில் இரண்டாவது பிளேட்டையோ, பிளேட் இருந்த ரிவெட் துளைகளையோ தேடுங்கள்.

கம்பெனி பெயர் சரி, காலம் தெரியவில்லை. முகவரியைப் படியுங்கள், அதுவே காலண்டர்.

இந்திய முகவரியில் ‘பம்பாய் 8’, ‘கல்கத்தா 1’ என்று சின்ன எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தியது. ஆறு இலக்க பின்கோடு அந்த வருட ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. அமெரிக்க முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின் இரண்டு இலக்க எண் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் நடுவில். ஐந்து இலக்கம் இருந்தால் 1963-க்குப் பின். ஜெர்மனியில் நாலு இலக்கம் 1961-இலும் ஐந்து இலக்கம் 1993-இலும் வந்தன. ‘மேற்கு ஜெர்மனி’ என்று தனியாக அச்சடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபெடரல் என்ற ஒரே கம்பெனிக்குக் காலத்துக்கு ஒரு பெயர். 1901-இல் சிகாகோவில் ஃபெடரல் எலெக்ட்ரிக் என்று தொடங்கியது. பிறகு ஃபெடரல் எண்டர்பிரைசஸ், அப்புறம் ஃபெடரல் சைன் அண்ட் சிக்னல், 1970களின் நடுவிலிருந்து ஃபெடரல் சிக்னல். பிளேட்டில் எந்தப் பெயர் என்று பார்த்தாலே காலம் பாதி பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியப் பிளேட்டுகளில் ‘சைக்கிள்’ என்று இருந்தால் பழையது. 1960களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் ‘ஹெர்ட்ஸ்’ பரவலானது. இந்த விதியை ஜெர்மன் பிளேட்டுக்குப் போடாதீர்கள். ஹெர்ட்ஸ் அவர்கள் ஊர்க்காரர், அவர் பெயரை அவர்கள் முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பிளேட்டே போலி. பழைய பொருள் வியாபாரத்தில் இதுவும் நடக்கிறது. ரிவெட் பளபளவென்று புதுசாக இருந்து பிளேட் மட்டும் பாசி பிடித்த மாதிரி இருந்தாலோ, பிளேட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தாலோ விலையைப் பற்றிப் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஒரிஜினலில் பிளேட் அடித்த பிறகுதான் மேல் பெயின்ட்கள் ஏறியிருக்கும்.

## அறிகுறி: ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. பேப்பர் பொய் சொல்லும், பெயின்ட் பொய் சொல்லும், மரை பொய் சொல்லாது. த்ரெட் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

போல்ட்டு துருப்பிடித்து முனை மழுங்கியிருக்கிறது. முதலில் இதை விலக்குங்கள். இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, துருப்பிடிக்காத உள்பக்க போல்ட்டு ஒன்றில் பாருங்கள்.

மில்லிமீட்டர் ஸ்பேனர் லூசாக ஆடுகிறது. நாலு நூல் போல்ட்டு ஒன்றைத் தேடி எடுங்கள், அதாவது அரை அங்குலம். ஏன் நாலு நூல் என்று சொல்கிறேன் என்றால், இரண்டு நூலிலும் மூன்று நூலிலும் இங்கிலாந்து மரைக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு எண்ணிக்கை ஒன்றுதான். நாலு நூலில்தான் பிரியும். அங்குலத்துக்கு 12 மரை என்றால் விட்வொர்த், இங்கிலாந்து வழி. 13 மரை என்றால் அமெரிக்கா. 12 மில்லிமீட்டர் கனமும் 1.75 மில்லிமீட்டர் இடைவெளியும் இருந்தால் மெட்ரிக். ஐரோப்பா, சோவியத், ஜப்பான், இல்லையென்றால் நம் நாட்டின் பிந்தைய சரக்கு.

விட்வொர்த் மரைதான், ஆனால் விட்வொர்த் ஸ்பேனரும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கிறது. பயப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க போல்ட்டுத் தலையை ஒரு சைஸ் சிறிதாக்கினார்கள். அந்த அளவே பிறகும் நிலைத்துவிட்டது. பெரிய தலை போல்ட்டு நிறைய இருந்தால் போருக்கு முந்தைய வார்ப்பு என்று சந்தேகப்படலாம்.

டெர்மினல் பாக்ஸின் சின்ன ஸ்க்ரூ எதிலும் சேரவில்லை. 4.7 மில்லிமீட்டர் கனம் காட்டினால் அது 2 பி.ஏ. இங்கிலாந்தின் மின்சாதன ஸ்க்ரூ வரிசை அது. அமெரிக்கச் சரக்கில் பி.ஏ. ஸ்க்ரூவை நான் பார்த்ததே இல்லை.

ஒரு எச்சரிக்கை. விட்வொர்த் மரை இருந்தால் இங்கிலாந்து என்று உடனே எழுதிவிடாதீர்கள். நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டதே 1956-இல்தான். அதற்கு முன்னும், அதற்குப் பிறகு பல வருடமும், நம் பட்டறைகள் விட்வொர்த் மரைதான் போட்டன. ஐ.எஸ்.ஐ. முத்திரை, இந்திய முகவரி, அம்புக்குக் கீழே ‘ஐ’, இதில் ஒன்றாவது கிடைக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: மரை அடைத்துக்கொண்டு போல்ட்டு முறியும் போலிருந்தால். உடைந்த போல்ட்டைத் துளைத்து எடுத்து மெட்ரிக் டேப் போட்டுக் கொடுக்கும் லேத்காரர்கள் உண்டு. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மரை மாறினால் ஒரு சாட்சி போச்சு.

## அறிகுறி: சுவிட்ச் போட்டதும் ட்ரிப் ஆகிறது, அல்லது சூடும் வாசனையும் வருகிறது

உடனே ஆஃப். இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வரும், வேண்டாம்.

டெர்மினலில் ஸ்டார், டெல்டா (மூன்று காயிலையும் இணைக்கும் இரண்டு முறைகள்) மாறியிருக்கிறது. செலவே இல்லாத காரணம். பிளேட்டில் 220/380 என்று இருந்தால் ஜெர்மனி, சோவியத் அல்லது வேறு ஐரோப்பிய நாட்டுச் சரக்கு. நம் ஊர் லைனுக்கு அதை ஸ்டாரில்தான் போட வேண்டும். இதையே டெல்டாவில் போட்டால் ஒவ்வொரு காயிலுக்கும் இருமடங்கு அளவு வோல்ட் ஏறும். 380/660 என்று இருந்தால் நேர்மாறு, டெல்டா. 400/440 என்று மட்டும் இருந்தால் இங்கிலாந்து அல்லது இந்தியா. உள்ளேயே ஸ்டார் கட்டி மூன்று முனைதான் வெளியே வந்திருக்கும்.

எர்த் ஒயரை ஃபேஸ் என்று நினைத்துவிட்டீர்கள். பழைய ஜெர்மன் ஒயரிங்கில் சிவப்பு ஒயர்தான் எர்த். 1965 வாக்கில்தான் பச்சை மஞ்சளுக்கு மாறினார்கள். நம் பழக்கத்தில் சிவப்பைப் பார்த்ததும் ஃபேஸ் கொடுத்தால் சங்கின் பாடி முழுக்கக் கரண்ட். அமெரிக்காவில் வெள்ளை நியூட்ரல், கருப்பு ஃபேஸ். பழைய இங்கிலாந்து மூன்று ஃபேஸில் வெள்ளையும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல். நிறத்தை வைத்து ஒயர் இணைக்கவே இணைக்காதீர்கள். மல்டிமீட்டரில் எந்த முனை எந்தக் காயில், எது பாடி என்று பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். நாட்டைக் கண்டுபிடிக்க நிறம் உதவும், கனெக்‌ஷன் கொடுக்க உதவாது.

வோல்ட்டே வேறு. மூன்று ஃபேஸுக்கு வெறும் 200 என்று போட்டிருந்தால் ஜப்பானை நினையுங்கள். ஒற்றை ஃபேஸில் 110, 115 என்றால் அமெரிக்கா. இதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிலோவாட் அளவுக்குப் போகும்போது டிரான்ஸ்ஃபார்மர் விலை சங்கு விலையைத் தாண்டும், யோசித்துக்கொள்ளுங்கள்.

டி.சி. மோட்டார். கம்யூட்டேட்டரும் (பிரஷ் உரசும் செப்பு உருளை) கார்பன் பிரஷும் இருந்து, காயில் தடித்த கம்பியும் மெல்லிய கம்பியுமாகத் தனித்தனியாக இருந்தால் இது. டி.சி. என்றதும் காலத்தை மிகவும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். கல்கத்தாவில் டி.சி. சப்ளை நெடுங்காலம் இருந்தது; நியூயார்க்கில் கடைசி டி.சி. லைனை வெட்டியதே 2007-இல்தான்.

நாலு ஒயர், இரண்டு தனித் தனிக் காயில். ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் தொடர்பே இல்லை, இரண்டின் ஓமும் ஒன்று என்றால் இரண்டு ஃபேஸ் மோட்டாராக இருக்கலாம். அமெரிக்காவில் பிலடெல்பியா, பஃபலோ பக்கம் அப்படி ஒரு சப்ளை இருந்தது. என் கைக்கு ஒன்றே ஒன்று வந்திருக்கிறது. அதை ஓட்ட முயற்சி செய்யவில்லை, உரியவரும் கேட்கவில்லை.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: ஓம் அளவுகள் மூன்று ஃபேஸிலும் சமமாக இல்லாவிட்டால், அல்லது வார்னிஷ் கருகிய வாசனை வந்துவிட்டால். ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போது பழைய காயிலின் சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், பிட்ச் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்குல அளவு கேஜில் சுற்றியிருந்தால் அதுவும் பிறந்த ஊருக்கு ஒரு துப்பு. உள்ளே வெள்ளையாகக் கயிறு மாதிரிச் சுற்றியது இருந்தால் கல்நாராக இருக்கலாம், கையால் பிய்க்காதீர்கள்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் குரல் அடியில் இருக்கிறது

போனில் ட்யூனர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காதில் அடைப்பான், தூரத்தில் போன். முழு வேகம் வந்ததும் ஹெர்ட்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டரின் ஓட்டைகளை முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். ஹெர்ட்ஸை 60 ஆல் பெருக்கி ஓட்டை எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடச் சுற்று வந்துவிடும். 10 ஓட்டை, 475 ஹெர்ட்ஸ் என்றால் 2,850. நம் 50 சைக்கிள் லைனில் இரண்டு போல் (காந்த முனை) மோட்டாருக்கு இது சரியான வேகம்.

2,600-க்குக் கீழே வருகிறது. வோல்ட் குறைவு, பேரிங் கிரீஸ் காய்ந்து கல்லாகிவிட்டது, அல்லது டெல்டாவில் போட வேண்டியதை ஸ்டாரில் போட்டிருக்கிறீர்கள். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

1,400 பக்கம் வருகிறது. நாலு போல் மோட்டார். பெரும்பாலும் பின்னால் யாரோ மாற்றிப் பொருத்திய மோட்டார். தலையும் மோட்டாரும் வேறு வேறு ஊர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4,000-க்கு மேல் போகிறது. பிரஷ் வைத்த சின்னச் சங்கு. அதன் வேகத்துக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை, இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

வேகம் 2,850 சரி, ஆனால் அதே மாடலின் பதிவில் கேட்கிற குரலைவிடத் தாழ்ந்திருக்கிறது. பிடிபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சைக்கிளுக்குச் செய்ததை 50-இல் ஓட்டுகிறீர்கள். அங்கே 3,450 சுற்றியது இங்கே 2,870 சுற்றுகிறது. குரல் ஆறுக்கு ஐந்தாக இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சாதாரண காந்தாரம் நின்ற இடத்தில் சட்ஜமம் நிற்கும். 60 சைக்கிள் என்றால் பெரும்பாலும் அமெரிக்கா. ஜப்பானில் ஒசாகா பக்கமும் 60, டோக்கியோ பக்கம் 50. மோட்டார் இந்த ஓட்டத்தில் வழக்கத்தைவிடச் சூடாகும், ஏனென்றால் சைக்கிள் குறையும்போது வோல்ட்டையும் குறைக்க வேண்டும். 440 வோல்ட், 60 சைக்கிள் பிளேட்டுக்கு இங்கே 365 வோல்ட் பக்கம் போதும்.

பழைய குரல் வேண்டும் என்றால் வி.எஃப்.டி. (மின்சாரத்தின் சைக்கிளை மாற்றித் தரும் கருவி) வைத்து 60 சைக்கிள் கொடுக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘குரல் கணீரென்று இருக்கிறதே’ என்று இங்கிலாந்துச் சங்குக்கும் 60 கொடுப்பார்கள். காற்றைத் தள்ளும் சுமை வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 50-இலிருந்து 60-க்குப் போனால் சுமை 1.7 மடங்குக்கு மேல். ஊர் தெரியாத சங்குக்கு வி.எஃப்.டி. வாங்கவே வேண்டாம்.

## அறிகுறி: இரண்டு குரல் கேட்கிறது

இரண்டும் சேர்ந்து இழுக்கிற அழுகை. இது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்தார்கள். இரண்டு தலையிலும் ஓட்டையை எண்ணுங்கள். 10-ம் 12-ம் என்றால் சட்ஜமமும் சாதாரண காந்தாரமும். இரண்டாம் உலகப் போர் காலத்து இங்கிலாந்துச் சங்கின் சோகக் குரல் இதுதான். நெல்சன் ஊரின் கார்ட்டர், லெஸ்டரின் ஜென்ட்ஸ், ஸ்டான்மோரின் செகோமாக் கம்பெனிகள் எல்லாம் இந்தக் குடும்பம். தம்புரா ஆப்பில் தாழ்ந்த குரலுக்குச் சுருதி சேர்த்துவிட்டு உயர்ந்ததைக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். 8-ம் 10-ம் என்றால் அந்தர காந்தாரம், 9-ம் 12-ம் என்றால் சுத்த மத்தியமம், 8-ம் 12-ம் என்றால் பஞ்சமம். இந்த மூன்றில் ஒன்று வந்தால் அமெரிக்கப் பக்கமும் தேடுங்கள்.

இரு தலை, ஆனால் ஒரே சுருதி. சோவியத் எஸ்-40 அப்படித்தான், 3 கிலோவாட், 400-க்கும் 450-க்கும் நடுவில் ஒற்றைக் குரல். பிளேட்டில் ரஷ்ய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உள்நாட்டுச் சரக்காக இருக்கலாம்.

ஓட்டைக் கணக்கும் ட்யூனரும் ஒத்துவரவில்லை. இரண்டு ரோட்டரும் ஒரே தண்டில் இருக்கிறது. 10-க்கு 480 என்றால் 12-க்கு 576 வந்தே ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. வராவிட்டால் ஒரு ரோட்டர் தண்டில் வழுக்குகிறது. கீ தேய்ந்திருக்கும், அல்லது பூட்டு ஸ்க்ரூ லூஸ். உடனே நிறுத்துங்கள். இது லேத்காரர் வேலை, நம் வேலை இல்லை.

இரண்டு தலையின் மரையும் வேறு வேறு. ஒட்டுச் சங்கு. இரண்டு சங்கிலிருந்து ஒன்று கட்டியிருக்கிறார்கள். மில் பட்டறைகளில் இது சகஜம். ஓடுவதற்கு நல்லது, விற்பதற்கு நல்லதில்லை. வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

குரலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 60 சைக்கிளில் 10 ஓட்டையும் 50 சைக்கிளில் 12 ஓட்டையும் ஒரே 575 ஹெர்ட்ஸ் பக்கம்தான் கத்தும். யூடியூபில் கேட்டுவிட்டு ‘எங்களுடையதும் அதேதான்’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஓட்டை எண்ணினீர்களா என்பதுதான்.

## அறிகுறி: உறுமுகிறது, சுற்றவில்லை

இதில் ஊர் கண்டுபிடிக்க அதிகம் கிடைக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஃபேஸ் வரவில்லையா என்று ஃபியூஸையும் கன்டாக்டர் முனையையும் பாருங்கள். ஒற்றை ஃபேஸ் என்றால் கப்பாசிட்டர். அதுவும் சரி என்றால் பேரிங் இறுகியிருக்கும். டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தாலும் இதே உறுமல்தான், மேலே போய்ப் படியுங்கள். பழைய எண்ணெய்க் கப்பாசிட்டர் ஒழுகினால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

## அறிகுறி: சுற்றுகிறது, சத்தம் கம்மி

காற்று உள்ளே போகும் வலையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது திசை. வெளிக்கூட்டில் அம்புக்குறி வார்த்திருப்பார்கள். மாறிச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டுங்கள். அம்பு பெயின்டுக்குள் புதைந்திருந்தால் இரண்டு திசையிலும் ஓட்டிக் கேட்டுவிட்டு, சத்தம் கூடுதலான பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டர் தகடு நேராக இருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

## எல்லாம் சரியான பிறகு முதல் ஓட்டம்

பட்டறைக்குள் வேண்டாம். சங்கைத் தரையில் நாலு போல்ட்டு போட்டு இறுக்கி, ரோட்டர் சுற்றும் தளத்துக்கு நேராக யாரும் நிற்காமல், காதடைப்பானோடு ஐந்து வினாடி மட்டும். ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபலைத் தொடும் பொருள் இது. பக்கத்துத் தெருவுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒத்திகை நடந்த அந்த மாதத்தில் ஒரு மத்தியான நேரம் சொல்லாமல் ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் வாசலில் இருபது பேர், அதில் ஒரு பாட்டி அரிசி மூட்டையோடு.

ஆஃப் செய்த நிமிடத்திலிருந்து ரோட்டர் முழுசாக நிற்க எத்தனை வினாடி என்று வாட்சில் பார்த்து, சங்கின் அடிக்காலில் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஓட்டும்போது அந்த நேரம் குறைந்திருந்தால் பேரிங்கைப் பாருங்கள்.